ஒரு சுற்று ஓடுவதற்கு ஒரு பாட்டு

முதலில் பிள்ளையார் பாட்டு, அதில் சந்தேகமே கிடையாது, கல்யாண வீடோ கோயில் கொடையோ கடைத் திறப்போ, குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஒயரை இழுத்து முடித்ததும் பிள்ளையார் பாட்டு போடாமல் இந்த முப்பது வருஷத்தில் எந்த வீட்டிலும் நான் வேறு பாட்டு போட்டது கிடையாது, காதுக்குள் செருகுகிற இந்தச் சுண்டைக்காய் அளவுச் சாமானுக்கு மட்டும் முறை மாறிவிடுமா என்ன. பிள்ளையார் பாட்டு முடிந்து முருகன் பாட்டும் முடியப் போகிறது, பள்ளிக்கூட மைதானத்தை ஒரு தடவை நடந்தே சுற்றி வந்துவிட்டேன், அடுத்தது என்ன பாட்டு என்பதில்தான் ஒரு மாதமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ரொம்பப் பொறுமைசாலி, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்களை எல்லாம் வரிசையாக உட்கார வைத்து, முதலில் மெதுவான பாட்டாகக் கேட்டுக்கொண்டு நடங்கள், உடம்பு சூடேறியதும் கொஞ்சம் துள்ளலான பாட்டுக்கு மாற்றி மெல்ல ஓடுங்கள், கடைசியில் மறுபடியும் மெதுவான பாட்டு, மூச்சு அடங்கட்டும் என்று சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காலையில் சாமி பாட்டு, மாப்பிள்ளை வரும்போது துள்ளல் பாட்டு, பந்தி முடிந்து சனம் வெற்றிலை போடும்போது மெதுவான பாட்டு, இதைத்தானே தாயே நான் ஊர் ஊராகப் போய்ச் செய்துகொண்டிருந்தேன், எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். செண்பகராஜ், பேச்சியம்மாள் சவுண்ட் சர்வீஸ், கோவில்பட்டி, சுற்று வட்டாரத்தில் எந்தக் கிராமத்தில் கேட்டாலும் செட்டுக்காரர் என்றால் என்னைத்தான் சொல்வார்கள், சொல்வார்கள் என்றா இன்னமும் சொல்கிறேன், சொன்னார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், நெஞ்சு வலித்து விழுந்த நாளிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் வீட்டு முன்னறையில் பழைய சேலை போர்த்திக் கிடக்கின்றன. அந்தப் பெண்ணிடம் என் தொழிலைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அப்புறம் என்ன சார், உங்களுக்குப் பாட்டுக்கா பஞ்சம் என்று அவளும் சிரித்திருப்பாள்.

அதோ உட்கார்ந்திருக்கிறாள் என் பெண்டாட்டி பேச்சி, கடைப் போர்டில் பேர் இருக்கிறவள், வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில், தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு. முந்தானை முடிச்சில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறது, மஞ்சள் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அந்த முடிச்சை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வருகிறது, பாசம்தான், பாசம் என்று தெரிகிறது, தெரிந்தும் எரிச்சல் வருகிறது. இன்றைக்கு மத்தியானம் விளாத்திகுளத்திலிருந்து இசக்கிமுத்து என்று ஒருவர் செட்டைப் பார்க்க வருகிறார், பெட்டி, குழாய், ஆம்ப்ளிபயர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறாராம், பேசி வைத்ததே பேச்சிதான், எனக்கு நேற்றுச் சாப்பிடும்போதுதான் சொன்னாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். நான் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன், நான் என்ன செத்தா போய்விட்டேன், உயிரோடு இருக்கிறவன் தொழிலை வித்துத் தின்னப் பார்க்கிறாயா என்று என்னென்னவோ சொன்னேன், கத்தும்போதே நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன், அதுதான் கேவலம், கோபத்தைக்கூட முழுசாகப் பட முடியவில்லை. அவள் தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள், "டாக்டரு மெதுவா ஓடலாம், ஓடி மூச்சு முட்டலைன்னா வேலைக்கும் போகலாம்னு சொல்லி ஒரு மாசமாச்சு. நீங்க ஓடலை. நாளைக்குக் காலைல ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து நிக்காம ஓடிக் காட்டுங்க, செட்டு நம்ம வீட்லயே கெடக்கட்டும். முடியலைன்னா விட்ருவோம்." ஓட முடியாமல் இல்லை, சரியான பாட்டு அமையவில்லை என்றேன். இதையேதான் ஒரு மாதமாகச் சொல்கிறேன், அவளும் ஒரு மாதமாக அதைக் கேட்டுக்கொள்கிறாள்.

பொய் இல்லை, நிஜமாகவே அமையவில்லை. சென்னையில் இருக்கிற மகள், ஓட்டத்துக்கென்றே தொகுத்து வைத்த பாட்டுகள் இருக்கின்றன அப்பா என்று போனில் எதையோ ஏற்றிக் கொடுத்தாள், எந்த நாட்டுப் பாட்டோ தெரியவில்லை, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே இடி, தீப்பெட்டி ஆபீஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி, அதில் மூச்சு விட ஒரு இடம் கிடையாது, அரை நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். சரி, நம்மிடம் இல்லாத பாட்டா என்று என் சரக்கிலேயே தேடினால் அங்கேதான் வம்பு, என்னிடம் இருக்கிற ஒரு பாட்டும் என்னுடையது இல்லை, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டுடையது. இது வளைகாப்புப் பாட்டு, காதில் விழுந்ததுமே கண்ணாடி வளையல் சத்தமும் புளிச்சாத வாசனையும் வந்துவிடும், அதைக் கேட்டுக்கொண்டு ஓடினால் பிள்ளைத்தாய்ச்சி ஓடுகிற மாதிரி இருக்கும். இது அம்மன் பாட்டு, உடுக்கை எடுத்ததுமே எங்கள் சித்தி ஒருத்திக்குக் கால் தரையில் நிற்காது, எங்கள் குடும்பத்துக்கே அது உண்டு, மைதானத்தில் ஓட ஆரம்பித்து அருள் வந்து ஆடிக்கொண்டு நின்றேன் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு செல்போனில் படம் பிடிக்கும். கட்சிப் பாட்டு வேகமாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாக் கட்சிக்கும் போட்டவன் நான், எதைக் கேட்டுக்கொண்டு ஓடினாலும் மற்றவனுக்குத் துரோகம். பந்திக்குப் போடுகிற பாட்டு இருக்கிறது, அதில் இரண்டு வகை, சாப்பாடு தாராளமாக இருந்தால் மெதுவான பாட்டு, ஆற அமரச் சாப்பிடுவார்கள், வெளியே கூட்டம் நின்றால் சமையல்காரர் ஆள் அனுப்புவார், செட்டுக்காரரே கொஞ்சம் வேகமா ஒண்ணு போடுங்க என்பார், போட்ட இரண்டாவது நிமிஷம் ஒருத்தருக்கும் தெரியாமலே கை வேகமாகும், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் பேச்சு நின்றுவிடும், இலை மடித்து எழுந்துவிடுவார்கள். பாட்டு உடம்பை இழுத்துக்கொண்டு போகும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குத் தெரியாது, தெரிந்ததால்தான் பயப்படுகிறேன், அவளுக்கு அது வெறும் பாட்டு. இப்போது காதில் முளைப்பாரிப் பாட்டு வந்துவிட்டது, கும்மி, இது நடைக்கு நல்ல பாட்டு, குற்றம் சொல்ல முடியாது, தலையில் பாரியை வைத்துக்கொண்டு பொம்பளைகள் நடக்கிற நடை, கழுத்து ஆடாது, கால் மட்டும் போகும். கடலை மிட்டாய் போடுகிற வீடுகளில் பாகு காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள், வெல்ல வாசனை மதிலைத் தாண்டி வருகிறது, எனக்கு அதுவும் கூடாது, வாசனைக்குத் தடை இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஓடுவதற்குச் சரியான பாட்டு ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதைத் தாண்டித் தாண்டித்தான் கட்டைவிரல் போகிறது, போன் திரையில் அந்த வரியைத் தொட்டுவிடாமல், சாலையில் நாய் படுத்திருந்தால் சுற்றிப் போவோமே அப்படி. சடங்கு வீட்டில் தாய்மாமன் சீர் கொண்டு வரும்போது போடுகிற பாட்டு, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து வருகிறவர்களின் காலுக்கென்றே அடித்த அடி, நடையும் இல்லை ஓட்டமும் இல்லை, ஒரு சந்தோஷ வேகம், முகத்தில் வேர்வையும் சிரிப்புமாக வருவார்கள். எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம், நல்ல வெயில், நான் பந்தலின் இந்தக் கோடியில் பெட்டிகளுக்குப் பின்னால் நிற்கிறேன், ஆம்ப்ளிபயர் அந்தக் கோடியில், அங்கே என் மச்சினன் கருத்தப்பாண்டி, பேச்சியின் தம்பி, பத்து வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறவன். இடையில் அவ்வளவு சத்தம், வாயால் பேச முடியாது, எங்களுக்குள் கைதான் பேச்சு, கையை உயர்த்தினால் சத்தத்தை ஏற்று, உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் குறை, இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் நிறுத்து. சீர் தெருமுனை திரும்பிவிட்டது, பாட்டு ஆரம்பித்துவிட்டது, அப்போதுதான் யாரோ நெஞ்சின் மேல் பெட்டியை இறக்கி வைத்த மாதிரி, மூச்சை இழுத்தால் பாதிக்கு மேல் வரவில்லை, உட்கார்ந்தேன், சாய்ந்தேன், கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கையைத் தூக்கினேன். பாண்டி பார்த்தான், பார்த்துச் சிரித்தான், சத்தத்தை ஏற்றினான். ஐயோ இல்லை என்று இன்னும் உயரத் தூக்கினேன், இன்னும் ஏற்றினான். நிறுத்து என்று காட்ட இரண்டு கை வேண்டும், ஒரு கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதை எடுக்க முடியவில்லை, ஆட்ட ஆட்டப் பாட்டு பெரிதாகிக்கொண்டே போனது, நான் கட்டின பெட்டி, நான் தேடி வாங்கின குழாய், என் சத்தமே என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் தேங்காய்த் தட்டோடு வந்த ஒரு பெண்தான் என்னைத் தாண்டிப் போகப் பார்த்துவிட்டு நின்றாள், சீர்த் தட்டைத் தரையில் வைக்கக் கூடாது, அந்தப் பிள்ளை வைத்தது. அவள் யாரென்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பாண்டி பாவம். ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரமாக நின்றான், என்னைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான், நான் பரவாயில்லடா என்று சொல்லக் கையை லேசாக உயர்த்தினேன், அவ்வளவுதான், பெரிய மனுஷன், மீசை வைத்தவன், வாய்விட்டு அழுதுவிட்டான். "இனிமே எது வேணும்னாலும் வாயைத் தொறந்து சொல்லுங்க அத்தான், கை மட்டும் காட்டாதீங்க," என்றான். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை, அவன் செய்தது வேலை, கை உயர்ந்தால் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவனே நான். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என் சாவு வீட்டுக்கு யார் செட்டுப் போடுவார்கள், பாண்டியே போட்டுவிடுவானா, வெளி ஆள் வந்து குழாயைக் கோணலாகக் கட்டிவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்திருக்கிறேன், யோசித்துவிட்டு, சாகிறவனுக்கு இது என்ன கவலை என்று சிரித்தும் இருக்கிறேன். இதை எல்லாம் டாக்டரிடம் எப்படிச் சொல்வது, அவர் படம் போட்டுக் காட்டுகிறார், அடைப்பு எடுத்தாயிற்று, ரத்தம் நன்றாகப் போகிறது, மெஷினில் ஓட வைத்தும் பார்த்துவிட்டோம், தைரியமாக ஓடுங்கள் என்கிறார். மெஷினில் ஓடும்போது பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள், நெஞ்செல்லாம் ஒயர், என் நெஞ்சின் சத்தம் அவர்களுக்கு ஈசிஜி காகிதத்திலேயே போய்ச் சேர்ந்தது. இங்கே மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டால் யார் இருக்கிறார்கள். காதில் பாட்டு இருந்தால் நெஞ்சு என்ன சொல்கிறது என்று எனக்குக் கேட்காது, பாட்டை எடுத்துவிட்டால் நெஞ்சு மட்டும்தான் கேட்கும், அது இன்னும் மோசம், ஒவ்வொரு துடிப்பையும் சரியா, சரியா என்று எண்ணிக்கொண்டு நடக்கிறவன் எப்படி ஓடுவான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் விழுகிற அந்த இரண்டு நொடி இருக்கிறதே, தொழிலில் எனக்கு அது ஆகவே ஆகாது, விசேஷ வீட்டில் சத்தம் விழுந்தால் வீடே அனாதையான மாதிரி ஆகிவிடும் என்று ஒன்று முடியும் முன்னே அடுத்ததை ஏற்றிவிடுவேன், இப்போது அந்த இரண்டு நொடி என் காதுக்குள்ளேயே வருகிறது. பயமாக இருக்கிறது, இவ்வளவுதான் விஷயம், பாட்டு அமையவில்லை என்பதெல்லாம் சும்மா.

முளைப்பாரிப் பாட்டு முடியப் போகிறது. இரண்டாவது சுற்றும் நடந்தே முடிந்து மறுபடி வேப்பமரம், பேச்சி என்னைப் பார்க்கிறாள், இவளுக்கு நான் ஓட வேண்டுமா, ஓடாமல் இருக்க வேண்டுமா, ஒரு மாதமாக எனக்கு விளங்கவில்லை, ஓடாவிட்டால் செட்டு போய்விடும், நான் பத்திரமாக வீட்டில் இருப்பேன், அதைத்தான் நினைக்கிறாளோ. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கை மட்டும் முடிச்சில். வீட்டில் பத்திரமாக உட்கார்ந்து என்ன செய்வேன், டிவி பார்ப்பேன், வாசலில் கல்யாண ஊர்வலம் போனால் எந்தச் செட்டு என்று எட்டிப் பார்ப்பேன், பெட்டி கரகரக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் சொல்வேன், அப்படி இருபது வருஷம் இருக்கலாம், இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம். கட்டைவிரல் நின்றுவிட்டது, நாய் படுத்திருக்கிற இடத்திலேயே. மற்ற பாட்டுகள் எல்லாம் ஊரார் வீட்டுப் பாட்டு, யோசித்துப் பார்த்தால் இது ஒன்றுதான் எனக்கு நடந்த பாட்டு, இதை நான் வேறு யாருக்குக் கொடுக்க முடியும். தொட்டேன். பறை எடுத்தது, மேளம் வந்து சேர்ந்தது, எட்டயபுரத்து வெயில், ஆனால் கால் அதற்குள் புறப்பட்டுவிட்டது, கால் என்னைக் கேட்கவே இல்லை.

ஓடுகிறேன். ஓட்டம் என்று சொன்னால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிவப்பு டீசர்ட் போட்ட வாத்தியார் ஒருவர் நடந்தே என்னோடு சமமாக வருகிறார், பிறகு முந்தியும் போகிறார், போகட்டும், இரண்டு காலும் ஒரே நேரம் தரையை விடுகிறது, அப்படியென்றால் அது ஓட்டம்தான். கோல்கம்பம் தாண்டியாயிற்று. தண்ணீர்த் தொட்டி தாண்டியாயிற்று. சீர் வருகிறவர்களின் அந்தச் சந்தோஷ வேகம் முழங்காலில் ஏறுகிறது, பயந்த மாதிரி இல்லை, பாட்டில் விஷம் ஒன்றும் இல்லை, நல்ல பாட்டு, நல்ல அடி, ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டேன், அந்தக் கோடிக்கு வந்துவிட்டேன், பழைய வகுப்பறைகளின் பின்பக்கம், இங்கே ஆள் கிடையாது, பரவாயில்லை, பாட்டு இருக்கிறது, அப்போது பாட்டு நின்றது. காதுக்குள் மணி அடிக்கிறது. போன். திரையில் விளாத்திகுளம் இசக்கிமுத்து, மத்தியானம் வருகிறேன் என்றவர் விடியக் காலையிலேயே கூப்பிடுகிறார், ஓடிக்கொண்டே எடுத்தால் நின்றுவிடுவேன், நின்றால் முடிந்தது, அப்புறம் கூப்பிடுகிறேன் அண்ணாச்சி என்று வாயால் சொல்லிக்கொண்டே வெட்டிவிட்டேன். பாட்டு திரும்ப வரவில்லை. எதையாவது மாற்றி அமுக்கிவிட்டேனோ என்னவோ, வேர்வையில் விரல் வழுக்குகிறது, வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. இருக்கிறது, ஒன்றே ஒன்று இருக்கிறது, நெஞ்சு, காதுக்குள்ளேயே அடிக்கிறது, இவ்வளவு வேகமாகவா, இது சரியா, அன்றைக்கும் இப்படித்தானா, கால் தயங்குகிறது, ஒரு அடி குறைகிறது, நிற்கப் போகிறேன், இதோ நின்றுவிட்டேன் என்கிற இடத்தில் வாய் தானாகத் திறந்தது, காதில் இருந்ததைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். ஹலோ. ஒரு அடி. ஹலோ. ஒரு அடி. ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன். டூ. த்ரீ. எனக்கே சிரிப்பாக இருக்கிறது, ஆனால் காலுக்குப் பிடித்துவிட்டது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி விழுகிறது, நெஞ்சும் அதற்குள்ளேயே எங்கேயோ அடித்துக்கொள்கிறது, தனியாகக் கேட்கவில்லை. சத்தத்தை ஏற்றினேன், கை இல்லாமல், வாயாலேயே. "ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங்."

மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"கேக்குது."

பெஞ்சில் ஆள் இல்லை, பேச்சி எழுந்து நடுமைதானத்துக்கு வந்துவிட்டாள், கையை வாயில் குவித்துக்கொண்டு நிற்கிறாள். கல்யாணமான புதிதில், பாண்டி வருவதற்கு முன்னால், ஒரே ஒரு குழாயை வைத்துக்கொண்டு நான் தொழில் ஆரம்பித்தபோது, தெருக் கோடியில் போய் நின்று குழாயில் என் சத்தம் வந்து சேர்கிறதா என்று பார்த்துச் சொன்னது இவள்தான், வெட்கப்பட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வாள், இப்போது வெட்கமெல்லாம் இல்லை, வாத்தியார்கூடத் திரும்பிப் பார்க்கிறார். "ஹலோ," என்றேன். "கேக்குதுங்க," என்றாள், "நல்லா கேக்குது, நிக்காம வாங்க." குரல் உடைந்திருந்தது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இந்தத் தூரத்தில் தெரியவில்லை, எனக்கும் கண் மறைக்கிறது, அட பேச்சி, நான் ஓடணும்னுதான் உட்கார்ந்திருந்தாயா இவ்வளவு நாளும். ஒன் டூ த்ரீ, கேக்குது, ஒன் டூ த்ரீ, கேக்குது, மூச்சு வாங்குகிறது, வாங்கட்டும், முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வருகிறது. வேப்பமரம் வந்தது, தண்ணீர்ப் பாட்டில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தது, பேச்சி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள், அவளுக்கும் இரைக்கிறது, இரைத்துக்கொண்டே என் ஒவ்வொரு ஹலோவுக்கும் கேக்குது கேக்குது என்கிறாள். சுற்று முடிந்துவிட்டது என்று அவளும் சொல்லவில்லை, நானும் நிற்கவில்லை.